"ரெண்டே ரெண்டு டேங்க்தான் சார் ஓடியிருக்கு!"

கொலை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. இடம்: மடிப்பாக்கத்தில் என் அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனை. இறந்தது: ஒரு 3 சிசி எஞ்சின். கொன்றது: அடியேன்.

பதறாதீர்கள். விவரமாகச் சொல்கிறேன்.

அக்கா பையனுக்குப் பன்னிரண்டு வயசு. போன பிறந்தநாளுக்கு அத்தான் அவனுக்கு ஒரு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தார். ரெண்டு பேட்டரி போட்டதும் சோபாவில் முட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்குமே, அந்த ஜாதி இல்லை. இது நைட்ரோ கார். நிஜ எஞ்சின், நிஜ கார்புரேட்டர், நிஜப் புகை. ஜெனரேட்டர் மாதிரி கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். நீளம் என்னவோ ஒரு முழம்தான். ஸ்டார்ட் ஆகிவிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். நாலாவது தெருவிலிருந்து ஒரு ரிடையர்ட் வாத்தியார் கம்ப்ளெயின்ட் பண்ண வருவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பையனும் தன் ரிமோட் காரைக் கொண்டு வந்தான். அவனுடையது எலெக்ட்ரிக். சத்தமே இல்லை. பூனை மாதிரி புறப்பட்டு, எங்கள் காரை வரிசையாக மூன்று தடவை ஜெயித்தது. மருமான் முகத்தைப் பார்த்தேன். தாய்மாமன் ரத்தம் கொதித்தது.

"டேய், இங்க கொண்டா. மாமா பார்க்கறேன்."

கார்புரேட்டரில் ஒரு ஊசி உண்டு. அதை உள்ளே திருகினால் எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் குறையும், காற்றின் பங்கு கூடும், ஒரு எல்லை வரைக்கும் வேகமும் கூடும். இந்த அரைகுறை ஞானம் எனக்கு இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வாங்கி 'சும்மா ஒரு கால் சுத்து' சுற்றினேன். கார் பிய்த்துக்கொண்டு போனது. இன்னொரு கால் சுத்து. அது ராக்கெட். எதிர்வீட்டுப் பையன் வாயைப் பிளந்தான். மருமான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்காக ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம்.

சரியாக இரண்டு ரவுண்டு. அப்புறம் 'கீ...ச்' என்று ஒரு சத்தம். அமைதி.

ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தேன். கயிறு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே எதையும் அமுக்குகிற உணர்ச்சியே இல்லை.

"என்னாச்சு மாமா?"

அந்தச் சமயத்தில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னது:

"மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்டா இருக்கும்டா."

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. என் அத்தான் மனு எழுதுவதில் ருசி கண்டவர். குடிதண்ணீருக்கு மனு, தெருவிளக்குக்கு மனு, வேகத்தடைக்கு மனு, அது வந்த பிறகு அதை எடுக்கச் சொல்லி மனு! 'மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்' என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், கண்ணில் ஒரு ஒளி.

"விடமாட்டேன். 2019 கன்ஸ்யூமர் ஆக்ட் இருக்கு. கடைக்காரனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

மருமானும் அப்பாவோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்துவிட்டான். 'சாட்சி' என்ற இடத்தில் என் பெயர்!

"அவசரப்படாதீங்க அத்தான். ஒரு வாரம் டயம் குடுங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒரு எஞ்சின் பார்த்துப் போட்டுடறேன். எதுக்கு வம்பு?" என்றேன். அவருக்கு அது தாய்மாமனின் பெருந்தன்மையாகத் தெரிந்தது. எனக்கு அது முன்ஜாமீன்.

பாய் நடத்திய பாடம்

செத்த எஞ்சினைக் கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு எங்கள் ஏரியா மெக்கானிக் பாயிடம் போனேன். யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100, டி.வி.எஸ். 50 என்று டூ-ஸ்ட்ரோக் வண்டிகளிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டூ-ஸ்ட்ரோக்தான். குட்டிப் பிசாசு. கரன்ட் எங்க வருது? காயில் எங்க?"

காயில் கிடையாது. அதுதான் இதன் அழகு. பெட்ரோல் எஞ்சினில் பிளக் ஒவ்வொரு தடவையும் பொறி விடும். இதில் இருப்பது க்ளோ பிளக். உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். அப்புறம் பேட்டரியை எடுத்துவிடலாம். எரிபொருளில் இருக்கும் மெத்தனால் பிளாட்டினத்தின் மேல் பட்டு நடக்கும் ரசாயன வினையும், எரிகிற சூடும், அமுக்குகிற சூடும் சேர்ந்து கம்பியைத் தொடர்ந்து கனிய வைத்துக்கொண்டே இருக்கும். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் இந்த பிளக்கைப் பிரபலப்படுத்தினார். அதற்கு முன்னால் குட்டி விமான எஞ்சின்கள் காயிலையும் பேட்டரியையும் முதுகில் சுமந்துகொண்டு பறந்தன, பாவம்.

எரிபொருளும் பெட்ரோல் இல்லை. பெரும்பகுதி மெத்தனால். எங்கள் டப்பாவில் நைட்ரோமீத்தேன் 20 சதவீதம். இது தன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டு வருகிற ஆசாமி. மீதி எண்ணெய், அதிலும் நம்ம விளக்கெண்ணெய் உண்டு. எஞ்சினுக்கென்று தனியாக ஆயில் கிடையாது. எரிபொருளோடு வருகிற எண்ணெய்தான் அதற்குச் சாப்பாட்டோடு வரும் ரசம்.

"ஊசியை இறுக்கினியா சார்?" என்றார் பாய், கண்ணைத் தூக்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி பாய்..."

"எரிபொருள் கொறஞ்சா ஆயிலும் கொறையும்ல? ஸ்பீடு வரும். சூடும் வரும். அப்பால எமன் வருவான்."

முப்பதாயிரம் ஆர்.பி.எம். வரைக்கும் சுற்றுகிற வஸ்து இது. நம் பைக் எல்லாம் எட்டாயிரத்திலேயே மூச்சு வாங்கும். அந்த வேகத்தில் எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடினால் போதும்.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். இந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினியம் பிஸ்டன், அதைச் சுற்றி பித்தளை ஸ்லீவ், ஸ்லீவுக்கு உள்ளே குரோம் பூச்சு. மூன்றின் ஆங்கில முதலெழுத்தையும் சேர்த்து ஏ.பி.சி. என்பார்கள். ஸ்லீவ் மேலே போகப் போகச் சன்னமாகக் குறுகும். அதனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு ஏறினால் அங்கே 'கிக்'கென்று பிடித்துக்கொள்ளும். சூடானதும் ஸ்லீவ் பிஸ்டனைவிட அதிகமாக விரியும். அப்போது இரண்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். குளிர்ந்த நிலையில் அந்தப் பிடிப்பு இல்லை என்றால், சூடான பிறகு சட்டை தொளதொளவென்று ஆகிவிடும். கம்ப்ரஷன் காலி.

"அந்தப் பிடிப்புதான் சார் இதோட உசிரு. வெளிய பளபளன்னு இருக்கறதைப் பார்த்து ஏமாறாத. வெரலுக்கு மட்டும்தான் தெரியும்."

பி.காம். கணக்கு

புது எஞ்சினே வாங்கிவிடலாமே என்பீர்கள். கேட்டேன். எங்கள் காருக்குச் சரியான 18 சைஸ் எஞ்சினுக்குக் கடையில் சொன்ன விலை 8,500 ரூபாய். (18 என்பது 0.18 கன அங்குலம், சுமார் 3 சிசி. 12 என்றால் 2 சிசி. 21 என்றால் கிட்டத்தட்ட மூன்றரை சிசி.) ஒசாகாவில் 1936-ல் ஷிகியோ ஒகாவா ஆரம்பித்த ஓ.எஸ். கம்பெனி எஞ்சின்கள் மாதிரி உயர்ந்த சரக்கு என்றால் காரின் விலையையே எட்டும். பிஸ்டன், ஸ்லீவ் செட்டை மட்டும் மாற்றலாம் என்றால் 3,900. கனெக்டிங் ராடும் அடி வாங்கியிருந்தது. பேரிங்கும் சந்தேகம். கூட்டிப் பார்த்தால் புதுசுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பாக்கி இருப்பது ஒரே வழி, செகண்ட் ஹேண்ட்.

காலேஜில் தேய்மானம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். இந்த எஞ்சினுக்கு அந்தப் பாச்சா பலிக்காது. இதற்கு வயசு வருஷத்தில் இல்லை, டேங்க்கில். எங்கள் காரின் டேங்க் 75 மில்லி. பத்து நிமிஷம் போல ஓடும். ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஒரு எஞ்சின் பத்து லிட்டருக்கு உழைக்கும். அதாவது நூற்றி முப்பது டேங்க். ஒழுங்கில்லாதவன் கையில் அகப்பட்டால் முதல் டேங்க்கிலேயே கதை முடியலாம்.

ஆகவே இரண்டு டேங்க் ஓடிய எஞ்சின் கிடைத்தால் யோகம். கிடைத்தது. விளம்பரம் கொடுத்த எல்லாருடைய எஞ்சினும் இரண்டே டேங்க்தான் ஓடியிருந்தது! பழைய கார் விளம்பரத்தில் 'டாக்டர் ஓட்டியது' என்று போடுவார்களே, அந்த மாதிரி. தமிழ்நாட்டில் அத்தனை டாக்டரும் இல்லை, அத்தனை இரண்டு டேங்க்கும் இல்லை.

பாய் எனக்கு ஒரு டார்ச், ஒரு பிளக் ஸ்பேனர், ஐந்து கட்டளை கொடுத்து அனுப்பினார். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்:

1. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்று. உச்சியில் பிடிக்க வேண்டும்.

2. பிளக் ஓட்டை வழியாகவும் சைலன்ஸர் ஓட்டை வழியாகவும் டார்ச் அடித்துப் பார். மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் இருந்தால் உள்ளே மண் போயிருக்கிறது, அல்லது எண்ணெய் போகவில்லை. இரண்டும் ஆகாது.

3. பின் மூடியைத் திறந்து கனெக்டிங் ராடை ஆட்டு. பக்கவாட்டில் லேசாக ஆடலாம். மேலும் கீழும் ஆடக் கூடாது.

4. ஷாஃப்டைச் சுற்றும்போது காதைக் கிட்டே வை. 'கரகர' என்றால் பேரிங்கில் துரு. பேரிங்கை மாற்றலாம், பயப்படாதே. ஆனால் விலையில் கழி.

5. ஷாஃப்டின் நீளம், மரையின் அளவு, அடியில் திருகும் ஓட்டைகளின் இடைவெளி, சைலன்ஸர் பக்கமா பின்புறமா, கயிறு ஸ்டார்ட்டர் உண்டா... எல்லாம் பழைய எஞ்சினோடு வைத்துப் பார். பொருந்தாத எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேப்பர் வெயிட்தான்.

காபி கொடுத்தவர்

முதல் ஆசாமி அண்ணா நகரில் மூன்றாவது மாடி. நாற்பது வயசு இருக்கும். கதவைத் திறந்ததும் காபி கொடுத்தார். நல்ல காபி. எஞ்சினை ஒரு மஞ்சள் துணியில் வைத்து, நகைக் கடைக்காரர் மாதிரி பிரித்துக் காட்டினார். பளபளவென்று கண்ணைப் பறித்தது.

"ரெண்டே ரெண்டு டேங்க்தான் சார் ஓடியிருக்கு. பையன் ஃபாரின் போயிட்டான், அதனாலதான் குடுக்கறேன். கயிறை இழுத்துப் பாருங்க!"

இழுத்தேன். அப்பா! கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி கனம். கம்ப்ரஷன் என்றால் இதுதான் கம்ப்ரஷன். விலை 4,500. பர்ஸை நோக்கிக் கை போய்விட்டது. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தலைப்பக்கத்து ஸ்க்ரூக்களின் வாய் தேய்ந்து வட்டமாகியிருந்தது. இரண்டு டேங்க் ஓடிய எஞ்சினை எத்தனை தடவை கழற்றி மாட்டியிருப்பார்கள்?

"பிளக்கைக் கழட்டிப் பார்க்கலாமா சார்?"

"கழட்டினா ஃபேக்டரி சீல் போயிடும் சார்."

பிளக்குக்கு சீல் கிடையாது. கழற்றினேன். பிளக்கின் நுனி, அமாவாசைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்ட தலை மாதிரி சொதசொதவென்று இருந்தது. எஞ்சினைப் பழைய நியூஸ் பேப்பர் மேல் கவிழ்த்துப் பிடித்துப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றினேன். பேப்பரில் பொத்துப் பொத்தென்று கெட்டி எண்ணெய். துடைத்துவிட்டு நிதானமாக மறுபடி சுற்றினேன். உச்சியில் பிடிக்கிறதா? ஊஹூம். பம்பரம்!

பாய் இதையும் சொல்லியிருந்தார். "எங்க காலத்துலயே உண்டு சார். கம்ப்ரஷன் போன வண்டில நாலு சொட்டு கெட்டி ஆயிலை விட்டுட்டு, கிக்கரை அமுக்கிப் பாருன்னுவான். சந்துல ஆயில் நின்னு காத்தை வெளிய விடாது. அரை மணி நேரத்துக்குக் கல்லு மாதிரி இருக்கும்."

"பிடிக்கவே இல்லையே சார்?" என்றேன்.

"எஞ்சின் கோல்டா இருக்குல்ல? சூடானா டைட் ஆயிடும்" என்றார், அசராமல்.

பாடம் தலைகீழ்! சூடானால் இன்னும் தொளதொளக்கும். காபிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். பி.காம். இரண்டாம் வருஷத்தில் மெர்க்கன்டைல் லா படித்தது மாடிப்படியில் ஞாபகம் வந்தது. 1930-ம் வருஷத்து சேல் ஆஃப் கூட்ஸ் ஆக்ட், பிரிவு 16. பொதுவாக, பொருள் நல்லதா கெட்டதா என்று பார்த்து வாங்குவது வாங்குகிறவன் பாடு. பரீட்சையில் இதற்கு எனக்குப் பத்துக்கு நாலு மார்க். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பாஸ்.

பஸ்ஸில் வரும்போது அந்த மனிதரை நன்றாகத் திட்டிக்கொண்டே வந்தேன். என்ன தைரியம்! கூசாமல் ஒரு பொய், அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். நடுவில் காபி வேறு.

ஜாம் ஆன எஞ்சின்

இரண்டாவது ஆள் குரோம்பேட்டை. இருபத்தாறு வயசுப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு பரணிலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கினான். எஞ்சின் மேல் பழுப்பாக, அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி ஒரு பூச்சு.

"சார், முதல்லயே சொல்லிடறேன். இது சுத்தாது. ஜாம் ஆயிருக்கு."

"எப்படிப்பா ஜாம் ஆச்சு?"

"என் தப்புதான் சார். கடைசியா ஓட்டினப்புறம் உள்ள இருக்கற மிச்சத்தை எரிச்சுட்டு, ரெண்டு சொட்டு ஆயில் விட்டு வெச்சிருக்கணும். அப்படியே மூட்டை கட்டிட்டு புனே போயிட்டேன். ரெண்டு வருஷம். முப்பது முப்பத்தஞ்சு டேங்க் ஓடியிருக்கும், எண்ணலை. மூவாயிரம் குடுங்க. பிடிக்கலேன்னா வேணாம், பரவாயில்லை."

எனக்குப் பேச்சே வரவில்லை. இத்தனை நாளில், இரண்டு டேங்க்குக்கு மேல் ஓடிய எஞ்சினை அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன்.

மெத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சென்னை மாதிரி கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். எஞ்சினுக்குள் மிச்சமிருந்தால் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். விளக்கெண்ணெய் காய்ந்து கோந்தாகி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ஆக, ஜாம் இரண்டு வகை. கோந்து ஜாம் என்றால் பிழைக்கும். துரு ஜாம் என்றால் சங்கு.

பின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். ராட் சுத்தம். ஷாஃப்டில் துரு இல்லை. பின் பேரிங்கில் மட்டும் இரண்டு மூன்று செம்புள்ளி. எரிபொருள் ஒரு சொட்டுகூட உள்ளே பாக்கியில்லை. காய்ந்து கிடந்தது. சைலன்ஸர் ஓட்டை வழியாகத் தெரிந்த பிஸ்டன் பக்கம் வழவழவென்று, கோடு இல்லாமல்.

"வீட்ல ஹேர் டிரையர் இருக்காப்பா?"

அவன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இருந்தது. அரை மனசாகக் கொண்டுவந்து கொடுத்தார். பிளக் ஓட்டையில் மெல்லிசான எண்ணெய் நாலு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் தலைப்பக்கம் சூடு காட்டினோம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஃப்ளைவீலை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தேன். இந்த இடத்தில் குறடு போட்டு நெம்புகிறவன் ராடை வளைத்துவிடுவான். அசை, சூடு காட்டு, மறுபடி அசை...

'டக்.'

பிஸ்டன் இறங்கியது! பையன் அலுப்பெல்லாம் மறந்து, "சார்!" என்று கத்தினான். ஆறவிட்டுத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றினேன். ஏறுகிறது, ஏறுகிறது, உச்சியில் அந்த 'கிக்'! கட்டை விரலைப் பிடித்து நிறுத்தியது. குழந்தை நம் விரலைப் பிடிக்குமே, அந்த மாதிரி.

"என் டிரையர்ல இனிமே எண்ணெய் வாடைதான் வரும்" என்றார் அம்மா.

இப்போது நன்றாகச் சுற்றுகிறதே, விலையை ஏற்றுவான் என்று எதிர்பார்த்தேன். "பேரிங் மாத்தணும்ல சார், நானூறு குறைச்சுக்கங்க" என்றான். இரண்டாயிரத்து அறுநூறு கொடுத்தேன். பேரம் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரையும் திட்டத் தோன்றவில்லை. 'என் தப்புதான் சார்.' மூன்றே வார்த்தை. அதனால் அவனுக்கு என்ன நஷ்டம்? அவன் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் நம்பினேன், அவ்வளவுதான். காபி கொடுத்தவரை மறுபடி திட்டலாம் என்று பார்த்தால் வேறு ஒரு முகம் குறுக்கே வந்தது. காலி மனையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றுகொண்டு, "மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்டா இருக்கும்டா" என்று சொன்ன முகம்.

மறுபடி ஞாயிறு

பாய் எஞ்சின் கூட்டைத் தனியாகச் சூடு பண்ணினார். அலுமினியம் விரிந்ததும் பழைய பேரிங் தட்டாமல் கொள்ளாமல் தானாகக் கழன்று விழுந்தது. புதுசை உள்ளே வைத்து ஆறவிட்டார். கூலி கேட்டதற்கு, "ஓடும்போது கூப்பிடு சார், பார்க்கணும்" என்றார்.

எரிபொருள் டப்பா விஷயத்தில் மட்டும் தமாஷ் வேண்டாம். மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போனது. அதே பொருள்தான் இந்த டப்பாவில் இருக்கிறது. எரிந்தால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை சரியாகத் தெரியவும் தெரியாது. பூட்டி வையுங்கள். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் தொடக் கூடாது.

ஞாயிறு காலை பத்து மணி. காலி மனையில் நான், மருமான், பாய், எதிர்வீட்டுப் பையன். அத்தான் கையில் ஒரு கவர். நாலு பக்க மனு. நாளைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்காரருக்குப் போகிறது. "எஞ்சின் கிடைச்சாலும் நஷ்ட ஈடு நஷ்ட ஈடுதான்" என்றார்.

ஊசியை வெளியே நன்றாகத் திறந்து வைத்தேன். முதல் இரண்டு டேங்க் எண்ணெயும் புகையுமாகத்தான் ஓட வேண்டும். மருமான் கயிற்றை இழுத்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் 'ட்ரீ...ங்' என்று பிடித்துக்கொண்டது. நீலப் புகை. விளக்கெண்ணெய் வாசனை. நாலாவது தெருவில் வாத்தியார் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்.

ஒரு டேங்க் முடிந்ததும் எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மூன்று நாலு நொடி கொதித்து ஆவியானது. நல்ல சூடு. போன தடவை இதைச் செய்திருந்தால், விழுந்த மாத்திரத்தில் 'சுர்'ரென்று மறைந்திருக்கும். அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

மருமான் குனிந்து பார்த்தான். "மாமா, இதுவும் அதே கம்பெனிதானே? இதுலயும் மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட் இருந்தா?"

பாய் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் ஸ்கூட்டரின் டயரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"டிஃபெக்ட் எல்லாம் ஒண்ணும் இல்லடா" என்றேன். "அந்த எஞ்சின் நல்ல எஞ்சின்தான். நான்தான் ஊசியை அரை சுத்து இறுக்கினேன். ஆயில் போகாம செத்துப்போச்சு. என் தப்புதான்."

அத்தான் கையிலிருந்த கவரைப் பார்த்தார். ஒரு கலைஞனின் நாலு பக்கம் வீணாய்ப்போன துக்கம் அது. மெதுவாக நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதுவும் சொல்லவில்லை.

மருமானும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மெதுவாக வாங்கித் தன் டிராயர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

போன ஞாயிறும் போயிருந்தேன். "ஓட்டறீங்களா மாமா?" என்று அவனாகவே ரிமோட்டை என் கையில் கொடுத்தான். ஸ்க்ரூடிரைவரை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.